செல்ஃபைக் கழற்றும் முன்

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் ஒன்று சாவியைத் திருப்பியும் அசையாமல் நின்றால், பல பட்டறைகளில் முதலில் கை வைப்பது செல்ஃப் மோட்டாரில்தான். வரிசையே தவறு. மோட்டாரைக் கழற்றும் முன் அதற்கு மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்ஜினைச் சுழற்றும்போது செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த அளவு மின்னோட்டத்தில் சிறு தடையும் பெரும் நட்டம். டெர்மினலில் பூத்த உப்போ துருப்பிடித்த போல்ட்டோ 0.02 ஓம் தடை தந்தால் போதும். 150 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் கால் பங்கு அது!

அதிகம் கவனிக்கப்படாதது எர்த். அம்பாசிடர் இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் இருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினையும் பாடியையும் ஒரு பின்னல் பட்டை இணைக்கிறது. அது அறுந்தாலோ துருவேறினாலோ மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடானால் சந்தேகம் முதலில் அந்தப் பட்டை மேல்தான் விழ வேண்டும்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறையவே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை: ஸ்விட்ச், சொலினாய்டு, கேபிள் என்று தேட வேண்டும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகலாம். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், இணைப்பு கெட்டிருக்கலாம், இல்லையேல் பினியன் பல் ஃபிளைவீலில் சிக்கியிருக்கலாம். பழைய வகை பெண்டிக்ஸ் மோட்டார்களில் இந்தச் சிக்கல் சகஜம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் மற்றதைச் சொல்லும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது. இந்த அளவீட்டைப் பட்டறைகள் பில்லில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும். முழு வோல்ட்டேஜ் கிடைத்தும் மோட்டார் ஊமையாக இருந்தால் தாராளமாகக் கழற்றலாம். அப்போதும் தூக்கிப் போட வேண்டியதில்லை: கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றத்தக்கவை, ஆர்மேச்சர் கட்டித் தரும் கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன.