கையின் குறையா, கோலின் குறையா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. கணக்கிற் பிழைவிட்ட மாணவன் பேனையைக் குறை கூறினாலும், கறியைக் கருகவிட்டவர் அடுப்பைக் குறை கூறினாலும் பெரியோர் இதனையே எடுத்துக் கூறுவர். பெரும்பாலும் அது பொருத்தமாகவே இருக்கும். ஆயினும், கூடம் உண்மையாகவே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அத்தகைய நிகழ்ச்சியொன்று எங்கள் குடும்பத்திலேயே நேர்ந்தது. தவறு என்னுடையது, ஆகையால் நேயர்களுக்கு ஒளிக்காது கூறிவிடுகிறேன். தூண்டிற்கோல் வாங்க விரும்பும் இளைஞர்க்கும், வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோர்க்கும் அது பயன்படக்கூடும்.

என் தமக்கையின் மகனுக்கு வயது பதினாறு. மெலிந்த தேகம், அடக்கமான பிள்ளை. காலஞ்சென்ற என் அத்தான் கைத்தூண்டில் எறிவதில் ஊரறிந்த வல்லவர். அந்த ஆசை மகனையும் பற்றிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளாகச் சித்திரைக் கைவிசேடத்தையும் பாடசாலையிற் கிடைத்த பரிசுப் பணத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்து என்னிடம் ஒப்படைத்தான். "மாமா, நீங்கள் கொழும்புக்குப் போகும்போது எனக்கு ஒரு தூண்டிற்கோல் வாங்கி வாருங்கள்" என்றான்.

கோலைப் பற்றி நான் அறிந்தது ஒன்றுமில்லை. தடித்த கோல் உறுதியான கோல், உறுதியான கோல் நல்ல கோல் என்று எண்ணினேன். 9 அடி நீளமும், அடிப்பாகத்திற் பெருவிரற் பருமனும் கொண்ட ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். எத்தகைய மீனைப் பிடிக்கப் போகிறான் என்றோ, எவ்வளவு எடையை எறியப் போகிறான் என்றோ நான் கேட்கவுமில்லை, எண்ணவுமில்லை.

அவன் தூண்டில் எறிந்த இடம் பண்ணைப் பாலத்தடி. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது. கரையோரத்தில் நீர் தெளிந்திருக்கும் வேளைகளில் மீன்கள் மனித நிழலைக் கண்டு விலகி நிற்கும். ஆகவே இரை தூரத்தில் விழ வேண்டும். அங்கே சீலாவும் சிறு பாரையும் துரத்தி உண்பவை விரலளவான குஞ்சு மீன்கள். ஆகவே இரை சிறிதாகவும் இருக்க வேண்டும். ஈயக்குண்டைக் கட்டி எடையைக் கூட்டினால் அது அடியிலுள்ள சாதாழையிற் சிக்கிவிடும். மருமகன் வைத்திருந்த பொய்யிரை 7 கிராம் எடையுள்ள சிறிய உலோக மீன். சிறிய எடையை நெடுந்தூரம் எறிவது: தூண்டிற் கலையில் இது கடினமான காரியம்.

அவன் முழுப் பலத்தோடு வீசினான். இரை பதினைந்து பாகத்துக்கப்பாற் செல்லவில்லை. பல மாலைகள் முயன்றான். அருகில் நின்ற ஒருவர், "தகப்பனுடைய கை மகனுக்கு வரவில்லை" என்று கூறியது அவன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கோல் வீட்டுக் கோடியிற் சார்த்திக் கிடந்தது. "என் கையில் வலு இல்லை, மாமா" என்று மட்டும் சொன்னான். நானும் வழக்கம்போல் அந்தப் பழமொழியை நினைத்துக்கொண்டேன்.

தற்செயலாக எங்கள் வீட்டுக்கு வந்த முதிய கடற்றொழிலாளர் ஒருவர் அந்தக் கோலைக் கையில் எடுத்தார். நுனியை ஆட்டிப் பார்த்தார். பிடிக்கு மேலே பொறித்திருந்த எழுத்துகளை மருமகனைக்கொண்டு வாசிப்பித்தார். "40 முதல் 80 கிராம் வரை" என்றிருந்தது. பெரியவர் சிரித்தார். "ஐயா, இது பேரலையடிக்கும் கரையில் ஈயக்குண்டு எறிகிற கோல். தம்பியின் இரை நுனியில் தொங்குவதை இந்தக் கோல் அறியவே இல்லை. பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை" என்றார்.

அவர் கூறியதன் பொருளை விளக்குவது எளிது. பிள்ளைகள் தென்னீர்க்கின் நுனியில் வேப்பங்காயைக் குத்திச் சுண்டி எறிவதைக் கண்டிருப்பீர்கள். காய் வேலியைக் கடந்து செல்லும். அதே காயை உலக்கையின் முனையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்! ஈர்க்கு வளைகிறது; வளைந்து நிமிரும்போது தான் சேமித்த சக்தியைக் காய்க்குக் கொடுக்கிறது. தூண்டிற்கோலும் அவ்வாறே. நாம் கோலை முன்னோக்கி வீசும்போது, இரை தன் சடத்துவத்தால் பின்தங்குகிறது. அந்தப் பின்னிழுப்பே கோலை வளைக்கிறது. கை நின்றதும் கோல் நிமிர்ந்து இரையைச் செலுத்துகிறது. 60 கிராமுக்காக அமைந்த கோலை 7 கிராம் எவ்வாறு வளைக்கும்? வளையாத கோல் வெறுந்தடி.

ஆகவே முதல் விதி இது: மீனின் பருமனைக்கொண்டு கோலைத் தெரிய வேண்டாம், எறியும் இரையின் எடையைக்கொண்டு தெரிக. கோலிற் பொறித்துள்ள கீழெல்லை, மேலெல்லை ஆகிய இரண்டுக்கும் நடுவே உமது வழக்கமான இரை அமைய வேண்டும். 7 கிராமுக்கு, 3 முதல் 12 கிராம் வரை என்று குறித்த கோல் பொருந்தும். சில கோல்களில் அவுன்சுக் கணக்கு இருக்கும். ஓர் அவுன்சு ஏறக்குறைய 28 கிராம். எனவே கால் அவுன்சு 7 கிராம். எல், எம்.எல், எம் என்ற எழுத்துகளைமட்டும் நம்பி வாங்குதல் கூடாது. ஒரு நிறுவனத்தார் 'எல்' எனக் குறிக்கும் இலேசான கோல் இன்னொருவருடைய 'எம்.எல்' கோலை ஒத்திருத்தல் உண்டு. கிராம் கணக்கே நம்பத்தக்கது.

அப்படியாயின் மிக மெல்லிய, துவளும் கோலே சிறந்ததோ எனின், அன்று. துவளும் கோல் வீச்சு முடிந்த பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வால் நூல் வளையங்களில் மோதும்; தூரம் குறையும். நுனி எளிதில் வளைந்து, நடுப்பாகமும் அதனோடு சேர்ந்து உழைத்து, அடி உறுதியாக நின்று, யாவும் விரைவில் நிமிர்ந்து அடங்க வேண்டும். நுனிமட்டும் வளையும் கோல் குறிதவறாது எறிய நல்லது. ஆனால் சிற்றெடையைத் தூரம் எறிய நடுப்பாகத்தின் துணையும் வேண்டும்.

இனி நீளம். ஒரே சுழற்சி வேகத்தில் நீண்ட கோலின் நுனி கூடிய வேகத்துடன் செல்லும். 7 அடிக்குப் பதிலாக 8 அடிக் கோலை அதே விரைவிற் சுழற்றினால் நுனியின் வேகம் ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். காற்றில்லாத வெளியில், எறிபொருள் செல்லும் தூரம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். வேகம் 10 சதவீதம் கூடினால் தூரம் 21 சதவீதம் கூடும். காற்றிலோ சிறிய இரை விரைவில் வேகத்தை இழப்பதால் அவ்வளவு இலாபம் கிட்டாது. மேலும் கோல் நீள நீள அதனைச் சுழற்றுதலும் கடினமாகும். கரையில் நின்று எறியும் இளைஞனுக்கு ஏழரை முதல் எட்டரை அடி வரை போதும். வள்ளத்தில் இருந்து எறிபவர்க்கு அதனினும் குறுகியது வசதி.

கோல் செய்யும் பொருளிலும் வேற்றுமை உண்டு. முற்காலத்திற் பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி நார் பரவியது. 1970களில் காபன் நாராலான கோல்கள் சந்தைக்கு வந்தன. காபன் எடை குறைந்தது, விரைவில் நிமிர்வது, ஆகவே நாம் பேசும் காரியத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் கல்லில் மோதினால் எளிதில் முறியும். கண்ணாடி நார் சற்று மந்தமாயினும் முரட்டுக் கைகளைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் மலிவு.

கோலைமட்டும் மாற்றிப் பயனில்லை. நூலும் றீலும் அதற்கு இசைய வேண்டும். முற்காலத்து றீல்களில், இரை பறக்கும்போது நூல் சுற்றிய உருளையையும் அதுவே இழுத்துச் சுழற்ற வேண்டியிருந்தது. சிறிய இரைக்கு அந்த வலு ஏது? இங்கிலாந்தின் பிராட்போர்ட் வட்டாரத்து நூலாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்டன் இலிங்வேர்த் என்பவர், 1905ஆம் ஆண்டு அசையா உருளை கொண்ட றீலுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். ஆலையிற் கதிரின் முனையால் நூல் நழுவி வருவதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்பர். உருளை அசையாது நிற்க, நூல் மட்டும் அதன் விளிம்பைத் தாண்டி நழுவிச் செல்லும். இன்று கடைகளிற் காணும் சாதாரண றீல் அதன் வழித்தோன்றலே. 2500 என்ற இலக்கமிட்ட அளவு 8 அடிக் கோலுக்கு இசையும். உருளையின் விளிம்புக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் குறைவாக வரும்வரை நூலைச் சுற்றுக. குறையச் சுற்றினால் நூல் விளிம்பில் உராயும், தூரம் குறையும்.

மருமகனின் பழைய தங்கூசி 0.40 மில்லிமீற்றர் தடிப்புடையது. பறக்கும் சிற்றிரையைப் பின்னின்று இழுத்துப் பிடிக்க அதுவே போதும். இப்போது பொலியெதிலீன் நார்களைப் பின்னிய மெல்லிய நூல் கிடைக்கிறது. யப்பானிய முறையில் 0.8 எனக் குறித்த நூல் ஏறக்குறைய 0.15 மில்லிமீற்றரே ஆயினும் உறுதி மிக்கது. அதன் நுனியில் ஒரு பாகம் நீளமான தங்கூசியை முடிந்து, அதிலே இரையைக் கட்ட வேண்டும். பின்னல்நூல் கல்லில் உராய்ந்தால் இலகுவில் அறுந்துவிடும். அதனை வெறுங்கையாற் பற்றி இழுத்தல் ஆகாது, விரலை அறுத்துவிடும். அறுந்த துண்டுகளைக் கரையில் விடாது வீட்டுக்கு எடுத்துவருதல் கடமை. கடற்பறவைகளின் கால்களுக்கு அவை விலங்காகும்.

கடைக்குச் செல்லும்போது உமது இரையின் எடைக்குச் சமமான ஒரு சிறு குண்டைக் கொண்டுசெல்க. கடைக்காரரின் அனுமதியோடு றீலைப் பூட்டி, நூலை வளையங்களூடாகக் கோத்து, குண்டை நுனியிலிருந்து ஒன்றரை அடி தொங்கவிட்டு மெல்ல ஆட்டுக. நுனி அந்த எடைக்கு இணங்கி அசைகிறதா எனக் காண்க. பின் குண்டை அகற்றிக் கோலை ஒரு முறை உதறுக. அதிர்வு விரைவில் அடங்க வேண்டும். வளையங்களினூடாகச் சிறிது பஞ்சை இழுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளில் அது சிக்கும். கோலின் துண்டுகள் பொருந்தும் இடத்தில் ஆட்டம் இருத்தல் கூடாது. பெரியவர் இவற்றைக் கற்பித்தபின், இரண்டாவது கோலை என் பணத்திலேயே வாங்கினேன். அது விலையில் முதற்கோலிலும் குறைவு என்பது எனக்குக் கிடைத்த தண்டனை.

முதற் பயிற்சி கடலில் அல்ல, விளையாட்டு மைதானத்தில், தூண்டில் முள் இல்லாத குண்டுடன் நடைபெற்றது. எறியுமுன் பின்னே திரும்பி ஆட்கள் உளரா எனப் பார்க்கப் பழக்கினோம். இன்னொன்றைப் பெற்றோர் மறத்தலாகாது. காபன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். மின்கம்பிகளுக்கு அருகிற் கோலை உயர்த்துதல் உயிராபத்து. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கியதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகன்று கூரையுள்ள கட்டடத்தை அடைய வேண்டும்.

ஒரு வாரத்தின் பின் மீண்டும் பண்ணைக்குச் சென்றோம். மருமகன் பழைய பழக்கத்தில் முழுப் பலத்தையும் கூட்டினான். "பலத்தைக் குறை, தம்பி, கோல் உழைக்கட்டும்" என்றார் பெரியவர். இரண்டாம் முறை அவன் நிதானமாக வீசிச் சட்டென நிறுத்தினான். இரை சென்றுகொண்டே இருந்தது. நீரில் அது விழுந்த இடம் முப்பத்தைந்து மீற்றருக்குக் குறையாது. அன்று ஒரு சிறிய சீலா மட்டும் அகப்பட்டது. அதனையும் அவன் நீரிலேயே விட்டுவிட்டான். வீடு திரும்பும் வழியில், "அப்பாவும் மெதுவாகத்தான் எறிவாரா, மாமா?" என்று கேட்டான். ஆம், அவ்வாறுதான் எறிவார். அதை நான் பல மாலைகள் அருகில் நின்று கண்டிருந்தும் நினைவிற் கொள்ளவில்லை.

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, கையெழுத்து வரவில்லை, பாட்டு வரவில்லை என்று நாம் முடிவு கட்டும்போதெல்லாம் பழமொழி நம் நாவின் நுனியில் ஆயத்தமாக நிற்கிறது. அதனைச் சொல்லுமுன், கூடத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?