செத்தவர் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா?

தேர்தல் வருகிறதென்றால் நம் நாட்டில் செத்துப்போன தலைவர்களுக்கெல்லாம் உயிர் வந்துவிடுகிறது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும், கச்சிராயபாளையத்திலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலுங்கூட காமராசர் படமும் அண்ணா படமும் மாலை மரியாதையோடு நிற்கின்றன. கோவில் குருக்களாவது சாமிக்கு முன்னால் ஏதோ நாலு மந்திரம் சொல்லுகிறார். நம் அரசியல் குருக்களோ படத்துக்கு முன்னால் ஓட்டுக் கேட்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லுவதில்லை. இதைப் பார்த்துச் சலித்துப்போன சில தோழர்கள், "இந்தப் பெரியவர்கள் இன்று உயிரோடு வந்தால் இந்தக் கட்சிகளில் இருப்பார்களா?" என்று நம்மைக் கேட்கின்றார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேட இன்றைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை என்பது நம் அபிப்பிராயம். அவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே தங்கள் கட்சிக்கு ஒத்து இருந்தார்களா என்று பார்த்தால் போதும்.

காங்கிரசை எடுத்துக்கொள்வோம். நமக்குப் பக்கத்துச் சேலத்துக்காரரான விஜயராகவாச்சாரியார் 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைவர். அந்த மகாநாட்டில் நிறைவேறிய ஒத்துழையாமைத் திட்டத்திலேயே அவருக்குப் பூரண நம்பிக்கை கிடையாது. சுபாஷ் போஸ் 1939இல் பட்டாபி சீதாராமய்யாவை 1,580க்கு 1,377 என்ற ஓட்டுக் கணக்கில் ஜெயித்துத் தலைவரானார். மூன்று மாதத்துக்குள் ராஜிநாமாச் செய்யும்படி ஆயிற்று. தலைவராயிருக்கும்போதே கட்சிக்கு ஆகாதவர், செத்தபின் கட்சிக்கு அலங்காரமாகிவிட்டார்.

காமராசர் சங்கதி இதைவிட விசேஷமானது. 1963இல், பதவியிலிருப்பவர்கள் அதைவிட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்று திட்டம் கொடுத்து, அவ்வருஷம் அக்டோபர் 2ந் தேதி தாமே முதல் மந்திரி பதவியை விட்டிறங்கினார். ஆறு முதல் மந்திரிகளும் ஆறு மத்திய மந்திரிகளும் அப்படி இறங்கினார்கள். இன்று எந்தக் கட்சியிலாவது ஒருவர் எழுந்து இந்தத் திட்டத்தைப் பேசிப் பார்க்கட்டும். பேசி முடிப்பதற்குள் அவருக்குக் கட்சியில் இடம் இருக்குமா என்று கேட்கின்றோம். 1964இல் அகில இந்தியத் தலைவரான காமராசர், 1969இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது இந்திரா காந்தி அம்மையாருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1975 அக்டோபர் 2ந் தேதி, நெருக்கடி நிலை நடக்கும்போது, அந்த எதிர்ப்பக்கத்துக் காங்கிரசுக்காரராகவே மாண்டார். இன்று காங்கிரஸ் என்று பெயர் சொல்லிக்கொள்வது இந்திரா அம்மையார் பக்கத்திலிருந்து வந்த காங்கிரசேயாகும். ஆகவே காமராசர் இன்றைய காங்கிரசுக்குப் பொருந்துவாரா என்று ஆராய்ச்சி செய்வது வீண் வேலை. அதன் தாயாரோடேயே அவருக்குப் பொருந்தவில்லை. படம் மாத்திரம் பொருந்திவிட்டது, படம் பேசாதல்லவா?

சரி, கழகத்தைப் பார்ப்போம். 1949 செப்டம்பர் 17ந் தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. பிறந்தபோது தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாக வைக்கப்பட்டது. அண்ணா பொதுச் செயலாளர்தான். கடைசிவரை கட்சித் தலைவராக அவர் இருந்ததில்லை. எந்தப் பெரியாரோடு இருக்க முடியாதென்று வெளியே வந்தார்களோ அவருக்கே நாற்காலி! உட்காராத தலைவர்தான் எந்தக் கட்சிக்கும் சௌகரியமானவர் போலும். இருபது வருஷம் காலியாயிருந்த அந்நாற்காலியில் 1969இல் கருணாநிதி உட்கார்ந்தார், 2018இல் மறையும்வரை உட்கார்ந்திருந்தார். பின்னர் அவர் குமாரர் உட்கார்ந்தார். அண்ணாதான் என்ன, 1949இல் எந்தத் திராவிட நாட்டுக்காகக் கட்சி கண்டாரோ அந்தக் கோரிக்கையை 1963இல் தாமே கைவிட்டார். 1963ன் அண்ணாவை 1949ன் கழகம் சேர்த்துக்கொண்டிருக்குமா என்பதும் யோசிக்கத் தக்கதே.

இந்த வியாதி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவில் 1901 முதல் 1909 வரை ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய குடியரசுக் கட்சியே 1912இல் இடம் கொடுக்கவில்லை. அவர் வேறு கட்சி கட்டி நின்றார். இரண்டு பேருமே தோற்று மூன்றாமவர் ஜெயித்தார்.

நிற்க, இதில் நமக்கென்ன கவலை என்றால், இந்தப் பட வியாபாரம் நம் ஜில்லாவில் உயிர்களின்மேல் நடக்கிறது என்பதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூப்பிடு தூரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெண்களும் அதில் உண்டு. செத்தவர்கள் கூலிக்காரர்கள். சர்க்கார் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. உடனே, "அண்ணா இருந்தால் இப்படி நடக்குமா, காமராசர் இருந்தால் நடக்குமா" என்று மேடைப் பேச்சுகள் கிளம்பிவிட்டன.

அண்ணா மதுவிலக்கைக் காப்பாற்றினார் என்பது உண்மை. அவர் செத்து இரண்டரை வருஷத்தில், 1971இல், அவர் கட்சி அதை நிறுத்தி வைத்ததும் உண்மை. 1974இல் அதே சர்க்கார் திரும்ப மூடிற்று. 1981இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் திறந்தது, 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கிற்று, 2003இல் ஜெயலலிதா அம்மையார் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்தும்படி செய்தார். எல்லோர் கையிலும் அண்ணா படம் இருந்தது. 2024 அக்டோபர் 2ந் தேதி உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மகாநாடு கூட்டினார்கள். அப்போது டாஸ்மாக் கடைகளை நடத்திக்கொண்டிருந்த ஆளும் கட்சியின் பிரதிநிதிகளும் அந்த மேடையில் இருந்தார்கள்.

"அப்படியானால் பெரியாரைக் கேட்போம்" என்று நம்மவர்களில் சிலர் சொல்லக்கூடும். எந்தப் பெரியாரை? 1921இல் கள்ளுக்கு விரோதமாய்ச் சேலம் தாதம்பட்டியில் தம் தோப்புத் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவரையா? சட்டம் போட்டுக் குடியை நிறுத்துவது கூடாதென்று பிற்காலத்தில் வாதாடியவரையா? இரண்டும் அவர்தான். அவரும் மாகாணக் காங்கிரசுத் தலைவராயிருந்தவர். 1925இல் காஞ்சிபுரத்தில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் வெளியேறினவர். அவர் பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவிட நினைப்பதும் சுலோகம் சொல்லி வாதத்தை முடிப்பதும் ஒன்றே. சாராயத்தைப் பற்றிய முடிவைக் கருணாபுரத்துக் கணக்கிலிருந்து எடுக்கவேண்டுமே ஒழிய, யாருடைய சமாதியிலிருந்தும் எடுக்க முடியாது.

அந்தக் கணக்குக்கு மலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1937இல் ராஜாஜி சர்க்கார் முதன் முதல் மதுவிலக்குச் செய்தது சேலம் ஜில்லாவில். கல்வராயன் மலையின் மேல்பக்கம் சேலம், கீழ்ப்பக்கம் தென்னாற்காடு. ஒரு பக்கம் குடித்தால் குற்றம், மறுபக்கம் குடித்தால் சர்க்காருக்கு வருமானம்! அந்த மலையோ வெகுகாலம் மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. வெள்ளைக்காரன் போய் 29 வருஷம் கழித்து, 1976இல்தான் அவர்கள் ஆதிக்கம் ஒழிந்தது. காமராசர் ஒன்பது வருஷம் ஆண்டார். பள்ளிக்கூடமும் மதிய உணவும் கொடுத்தார். அதற்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்களே. அண்ணா 1967 முதல் 1969 வரை ஆண்டார். சுயமரியாதைக் கலியாணத்துக்குச் சட்டம் செய்தார். ஆனால் அந்த இருவர் காலத்திலும் கல்வராயன் மலையாளி மக்கள் ஜாகிர்தாரனுக்கு அடங்கித்தான் கிடந்தார்கள். நல்லவர்கள் ஆண்ட காலம் என்று கீழ்நாட்டில் பாடும் பாட்டு மலையேறவில்லை. நிலத்துக்குப் பாத்தியம் இல்லாமலும், ரோட்டு இல்லாமலும், கூலி இல்லாமலும் விடப்பட்ட இடத்தில் வெல்லத்தையும் பட்டையையும் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள் என்றால் அதிசயமென்ன? விஷச்சாராயச் சாவுக்குப் பிறகு 2024இல் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே அம்மலை மக்களின் நிலைமையை வழக்காக எடுத்துக்கொண்டு, அங்குள்ள வசதிக் குறைவுகளைப் பற்றிச் சர்க்காரைக் கேட்கும்படியாயிற்று. படத்துக்கு மாலை போட்ட எந்தக் கட்சிக்கும் அதற்குமுன் அது தோன்றவில்லை.

ஆகவே மலைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர் யார் படத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் அதைத் திண்ணையில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு, 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி எங்கள் ஊருக்கு எத்தனை பட்டா வந்தது, மழைக்காலத்தில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி எதுவரை வரும், மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள்.