பேங்க் ஸ்டேட்மென்ட்ல உங்க மூளை படிக்காத வரிகள்

ஒரு சின்ன சோதனை. போனைத் திறக்காம பதில் சொல்லுங்க: போன மாசம் உங்க சம்பள அக்கவுண்ட்ல இருந்து ஆட்டோ டெபிட்ல போன தொகைகள் எத்தனை? ஒவ்வொண்ணும் எவ்வளவு, எதுக்கு?

இஎம்ஐ உடனே ஞாபகம் வரும். மத்ததுக்குக் கொஞ்சம் யோசிப்பீங்க. இதுக்குக் காரணம் வெறும் சோம்பேறித்தனம் இல்லை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தா, அதை அடையாளம் காண மூளைக்கு நேரம் குறைவாத்தான் ஆகும். பார்வைக்கான பகுதிகள்ல நரம்பு செல்களோட செயல்பாடும் முதல் தடவையை விடக் குறையும். அதாவது, குறைஞ்ச உழைப்புல அதே வேலை. அன்றாட வாழ்க்கைக்கு இது பெரிய வரம். பணத்துல மட்டும் இதுக்கு ஒரு விலை உண்டு.

ஏன்னா, பழகினது நமக்குப் பிடிச்சும் போயிடுது. 1968-ல் உளவியலாளர் ராபர்ட் ஸையன்ட்ஸ், அர்த்தமே இல்லாத சொற்களை ஆட்களுக்குக் காட்டிப் பார்த்தார். அதிக தடவை கண்ணில் பட்ட சொல்லுக்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும்னு அவங்க ஊகிச்சாங்க. 2001-ல் வெளியான குர் ஹூபர்மனின் ஆய்வு, அமெரிக்காவின் உள்ளூர் டெலிபோன் கம்பெனிகளைப் பத்தினது. மக்கள் மத்த ஊர் கம்பெனியை விட, தங்களுக்கு பில் அனுப்புற கம்பெனியோட பங்கையே அதிகம் வச்சிருந்தாங்க. பேரு தெரியும், அவ்வளவுதான்!

நம்ம கதைக்கு வருவோம். வேலைக்குச் சேர்ந்த வருஷம், "டாக்ஸ் சேவ் ஆகும்"னு ஒரு எண்டோமென்ட் பாலிசி போட்டிருப்பீங்க. மாசம் 3,000 ரூபாய்னு வைங்க, வருஷம் 36,000. ஆனா 2023-24 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறைதான் டீஃபால்ட். அதுல 80சி கழிவு கிடையாது. நீங்க புதிய முறையில இருந்தா, பாலிசி போட்ட காரணமே போயாச்சு. பிரீமியம் மட்டும் மாசாமாசம் போகுது, நீங்களும் கேள்வி கேக்கறதில்லை.

என் கருத்து இதுதான்: ஆட்டோ டெபிட் நல்ல வசதி. ஆனா அது பணம் கட்டுறதுக்கு மட்டும்தான். உங்களுக்குப் பதிலா யோசிக்காது. "இத்தனை வருஷமா போயிட்டிருக்கே" என்பது பழக்கம், காரணம் இல்லை.

அதனால வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் மாசம், 12 மாச ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணுங்க. தானா போற ஒவ்வொரு தொகையையும் 12-ஆல் பெருக்கிப் பேப்பர்ல எழுதுங்க. மாசம் 199-னு பார்த்தா கண்ணு தாண்டிப் போயிடும்; வருஷம் 2,388-னு பார்த்தா நிக்கும். அப்புறம் ஒரே கேள்வி: இதை இன்னைக்கு முதல் தடவையா யாராவது விக்க வந்தா, வாங்குவேனா?

"இல்லை"ன்னு பதில் வந்தா, ஓடிடி, ஜிம் மாதிரி சந்தாக்களை அன்னைக்கே நிறுத்துங்க. பாலிசியில மட்டும் அவசரம் வேண்டாம். சரண்டர் பண்ணா எவ்வளவு வரும், பெய்ட்-அப் ஆக்கினா எவ்வளவு நிக்கும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. குடும்பம் உங்களை நம்பி இருந்தா, முதல்ல டேர்ம் இன்சூரன்ஸ் கையில வந்த பிறகுதான் பழசைத் தொடணும்.

பேப்பர்ல எத்தனை வரி வந்துச்சு, அதுல எத்தனை மறந்தே போயிருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.