டொலமைட் மூடையும் நமது நாணயமும்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டி வீதியில் இறங்கினால், தெல்தெனியவைத் தாண்டித் திகன வருகிறது. அந்தப் பகுதி டொலமைட் கல்லை அறியாத வியாபாரி இங்கு இல்லை. அரைத்து மூடையிட்ட அந்தக் கல் தேயிலைக் காணிகளுக்குப் போகிறது. நம்மவர்கள் சிலருக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது.

அண்மையில் சிறு தேயிலைக் காணிக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். "நானா, போன கவ்வாத்துக்குப் போட்ட டொலமைட் இன்னும் மணலாகவே கிடக்குதே" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. விலை குறைவு என்று வாங்கி விற்றேனே தவிர, ஒரு மூடையையாவது பிரித்துப் பார்க்கவில்லை.

டொலமைட் என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. தூய கல்லில் மக்னீசியம் ஒட்சைட்டு ஏறக்குறைய 21.8 வீதம் உண்டு. நைதரசன் பசளை தொடர்ந்து இட்ட தேயிலை மண்ணில் அமிலம் கூடும். அதைத் தணிப்பதும் செடிக்கு மக்னீசியம் கொடுப்பதும் இதன் வேலை. ஆனால் மாவாக அரைபட்டால்தான் மண்ணில் சேரும். பரும்படியாக அரைத்தது நெடுநாள் அப்படியே கிடக்கும். சாதாரண சுண்ணாம்புக் கல் கலந்தால் மக்னீசியம் குறையும். பருமனை விரலால் அறியலாம். கலப்பை ஆய்வுகூடம்தான் சொல்லும்.

மாத்தளை ஓவலயில் எடுக்கும் பெல்ஸ்பார் பீங்கான் தொழிலுக்குப் போகிறது. அதில் இரும்பு கூடினால் வெள்ளைப் பீங்கானின் நிறம் கெடும். எனவே அங்கே தரம் பார்த்தே கல்லுக்கு விலை. தொழிற்சாலைக்காரருக்குள்ள உரிமை ஏழைக் காணிக்காரருக்கு இல்லையா?

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி, கனியப் பொருளை அகழ்வதற்கு மட்டுமல்ல, ஏற்றுவதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் விற்பதற்கும் அனுமதி வேண்டும். 2020 இல் திகனப் பக்கம் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, கல்லுடைப்பின் மீதும் மக்களின் சந்தேகம் திரும்பியது. அனுமதியில்லாத கல்லை மலிவென்று ஏற்றுபவர் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே ஏற்றுகிறார்.

ஆகவே நமது வர்த்தகச் சகோதரர்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: அனுமதிப்பத்திரம், மக்னீசிய அளவு காட்டும் ஆய்வறிக்கை, மாவின் நுண்மை. இதனால் மூடைக்குச் சில ரூபாய் கூடலாம். காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் விளங்கிக்கொள்வார்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாதென்பது நமது மார்க்கம். மூடையில் ஐம்பது கிலோ சரியாக இருந்து, உள்ளே இருப்பது பயன்படாத மணலென்றால், அந்த நிறுவை நிறைந்ததாகுமா? அந்தக் காணிக்காரருக்கு நல்ல மூடைகள் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அவர் இழந்த கவ்வாத்துக் காலத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.