ரஃபேலின் கோடுகள் யாருக்குச் சொந்தம்?

கார்ட்டூன் என்றதும் கேலிச்சித்திரமோ, தொலைக்காட்சியில் ஓடும் பூனையும் எலியுமோதான் நினைவுக்கு வரும். பழைய இத்தாலிய ஓவியர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. வரையப் போகும் ஓவியத்தின் அதே அளவில் தாளில் தீட்டிக்கொள்ளும் முன்வரைவுக்குப் பெயர்தான் கார்ட்டூன்!

1517 வாக்கில் கர்தினால் ஜூலியோ தெ மெடிச்சி, பிரான்சில் உள்ள நார்போன் பேராலயத்தின் பீடத்துக்காக ரஃபேலிடம் ஓர் ஓவியம் கேட்டார். அதுதான் 'உருமாற்றம்'. மேலே ஒளியில் மிதக்கும் இயேசு. கீழே, பேய் பிடித்த சிறுவனைக் குணப்படுத்த முடியாமல் தவிக்கும் சீடர்கள். 1520 ஏப்ரல் 6-ல், 37 வயதில் ரஃபேல் இறந்தார். ஓவியம் நார்போனுக்குப் போகவே இல்லை. இன்று வத்திக்கானில் இருக்கிறது.

அந்தச் சீடர்களின் முகங்களுக்காக அவர் எடுத்துக்கொண்ட உழைப்பு கொஞ்சமல்ல. கார்ட்டூனின் கோடுகள் மேல் ஊசியால் துளையிட்டு, அடியில் வேறொரு தாளை வைத்து, கரித்தூளைத் தட்டுவார்கள். கீழ்த்தாளில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, முக்கியமான தலைகளையும் கைகளையும் கறுப்புச் சாக்குக்கட்டியால் ரஃபேல் மறுபடி வரைந்தார். அதாவது, எல்லாம் தீர்மானமான பிறகும் ஒரு முகத்தைப் பற்றி இன்னொரு முறை யோசித்திருக்கிறார்!

இப்படிப்பட்ட தாள்களில் இரண்டின் கதையைப் பாருங்கள்.

ஒன்றில் இரண்டு சீடர்களின் தலைகளும் கைகளும் உள்ளன. இங்கிலாந்து ஓவியர் தாமஸ் லாரன்ஸ் ஏராளமான பழைய வரைபடங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1830-ல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடி அரசு அவற்றை வாங்கவில்லை. சேகரிப்பு சிதறியது. பொதுமக்களிடம் நிதி திரட்டி, ரஃபேல், மைக்கேலாஞ்சலோ வரைபடங்களில் ஒரு பகுதியை 1846-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் வாங்கியது. அந்தத் தாள் இன்று அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரிப்புள்ளிகள் இன்னும் தெரிகின்றன.

மற்றொன்று ஓர் இளம் சீடரின் தலை. பல தலைமுறைகளாக டெவன்ஷையர் பிரபு குடும்பத்திடம் இருந்தது. 2012 டிசம்பரில் லண்டனில் ஏலத்துக்கு வந்து, சுமார் 2 கோடியே 97 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

தனியார் வாங்கினால் என்ன, பத்திரமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லாரன்ஸும் தனியார்தான், டெவன்ஷையர் குடும்பமும் அந்தத் தாளைக் கெடாமல்தான் காத்தது. அருங்காட்சியகங்களும் இவற்றை எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அருங்காட்சியகப் பெட்டியில் உள்ள தாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவரால் கேட்க முடியும். தனியார் பெட்டகத்தில் உள்ளதைக் கேட்க வழியில்லை. உரிமையாளரே மனம் வைக்க வேண்டும்.

பீட ஓவியம் வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டது. முன்வரைவு வேலைக்காகச் செய்யப்பட்டது. ரஃபேலின் பட்டறையில் ஜூலியோ ரோமானோ போன்ற சீடர்கள் தொழில் பழகியது இப்படிப்பட்ட தாள்களைப் பார்த்துத்தான். ஆகவே, இவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கட்டும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பொதுமக்கள் பார்வைக்குக் கடனாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்கட்டும். கற்பவர் கண்ணில் படாத முன்வரைவு, விலை எவ்வளவு ஏறினாலும், பாதி வேலையை இழந்த தாள்தான்.