மூத்தவரும் இளையவரும்

பிறருடைய சம்பளத்தை விசாரிப்பது நாகரிகம் அன்று என்பார்கள். சர்க்கார் காரியாலயங்களில் இந்த நாகரிகத்துக்கு அவசியமே இல்லை. இன்ன பதவி, இத்தனை வருஷ சர்வீஸ் என்று சொன்னால் போதும்; பக்கத்து மேஜைக்காரரின் சம்பளத்தைப் பஞ்சப்படி உட்பட விரல் விட்டுச் சொல்லிவிடக் கூடியவர்கள் ஒவ்வொரு காரியாலயத்திலும் உண்டு.

ஆகவே, தமக்குப் பின்னால் வந்து, தம்மிடமே வேலை கற்றுக்கொண்ட இளையவர் ஒருவர் தம்மைக் காட்டிலும் சில நூறு ரூபாய் அதிகம் வாங்குகிறார் என்பது மூத்தவரின் காதுக்கு எட்டாமல் இருப்பதில்லை. அன்று இரவு அவருக்குச் சோறு இறங்குவதில்லை. வெளியார் இதைப் பொறாமை என்று சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சம்பளம் வயிற்றுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. இத்தனை வருஷம் உழைத்ததற்குச் சர்க்கார் எழுதிக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரமும் அதுதான். அந்தப் பத்திரத்தில் தம் பெயர் கீழே இறங்கியிருப்பதைக் கண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்த விபரீதம் எப்படி நேருகிறது? பெரும்பாலும் எவருடைய கெட்ட எண்ணத்தாலும் அன்று, கணக்கினால் நேருகிறது. மத்திய சர்க்காரின் ஆறாவது சம்பளக் கமிஷன் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய சம்பளம் 1-1-2006 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே பதவி உயர்வு பெற்றிருந்த மூத்தவருக்குப் பழைய அளவுப்படி ஒரு சிறு உயர்வு கிடைத்திருந்தது. அவர் வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 1.86-ஆல் பெருக்கிப் புதிய அளவில் வைத்தார்கள். அதே பதவிக்கு அந்தத் தேதிக்குப் பின் உயர்ந்த இளையவருக்கோ, கீழ்ப் பதவிச் சம்பளத்தை முதலில் பெருக்கிவிட்டு, பெருகிய தொகையின் மேல் நூற்றுக்கு 3 வீதம் உயர்வு கொடுத்தார்கள். முன்னால் உயர்ந்தவர் பின்னால் நின்றார். பின்னால் உயர்ந்தவர் முன்னால் போனார். மூத்தவர் செய்த குற்றம், சீக்கிரம் பதவி உயர்வு பெற்றது ஒன்றுதான்!

சர்க்கார் இதை அறியாமல் இல்லை. 1922-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அடிப்படை விதிகளை ஒட்டி, இத்தகைய மூத்தவரின் சம்பளத்தை இளையவரின் அளவுக்கு உயர்த்துவதற்கு வெகு காலமாகவே ஏற்பாடு இருக்கிறது. 2008-ஆம் வருஷத்துச் சம்பள விதிகளிலும் அதற்கு இடம் வைத்தார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இருவரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். கீழ்ப் பதவியிலும் மேல் பதவியிலும் ஒரே சம்பள அளவு இருக்க வேண்டும். வித்தியாசம் விதியைக் கையாண்டதனாலேயே நேர்ந்ததாக இருக்க வேண்டும். கீழ்ப் பதவியில் இருக்கும்போதே இளையவர் விசேஷ உயர்வு பெற்று அதிகம் வாங்கியிருந்தால், மூத்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்த நிபந்தனைகள் நியாயமற்றவை என்று நாம் சொல்லவில்லை. தந்தித் தொலைபேசி இலாகாவில் எழுந்த ஒரு வழக்கில், இளையவர்கள் சிலர் மேல் பதவியில் முன்னதாகவே தற்காலிகமாக அமர்ந்து வேலை பார்த்திருந்தார்கள். அதற்குரிய வருஷ உயர்வுகளையும் பெற்றிருந்தார்கள். பிறகு நிரந்தரமாகப் பதவி உயர்வு வந்தபோது அவர்கள் சம்பளம் மூத்தவர்களுடையதைவிட அதிகமாயிற்று. இது விதியின் கோளாறு அன்று, ஆகவே மூத்தவர்களுக்கு உயர்த்திக் கொடுக்க வேண்டியதில்லை என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மூத்தவர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கும். ஆயினும், செய்த வேலைக்கு வந்த பலனை எவ்வாறு குறை சொல்வது?

இதுவரை மூத்தவர் துயரத்தைச் சொன்னோம். இளையவர் துயரமும் உண்டு. அது நம் தமிழ்நாட்டிலேயே நடந்த கதை.

ஆறாவது கமிஷனை ஒட்டி ராஜ்ய சர்க்கார் 2009 ஜூன் 1-ஆம் தேதி சம்பள உத்தரவு பிறப்பித்தது. அதற்கு முன்பே வேலையில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய ஆரம்பச் சம்பளம் 4,500 ரூபாய். அதை 1.86-ஆல் பெருக்க 8,370 ஆயிற்று. தர ஊதியம் 2,800 சேர்த்து 11,170. அந்தத் தேதி முதல் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆரம்பம் 5,200. தர ஊதியம் 2,800 சேர்த்து 8,000. மே மாதக் கடைசியில் சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படையிலேயே 3,170 ரூபாய் வித்தியாசம்! கல்வித் தகுதி ஒன்று. பாடப் புத்தகம் ஒன்று. அடுத்தடுத்த வகுப்பில் நின்று பாடம் சொல்கிறார்கள். ஏழாவது கமிஷன் வந்து எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கியபோது, குறையும் கூடவே பெருகி 8,000 ரூபாயைத் தாண்டிற்று. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இந்த ஆசிரியர்கள் 2018-லும், 2022-லும், 2023-லும் சென்னைக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். குழந்தைகளுக்குக் கூட்டல் பெருக்கல் சொல்லிக் கொடுப்பவர்கள், சர்க்காரின் பெருக்கலைத் திருத்தும்படி வீதியில் பட்டினி கிடக்க நேர்ந்தது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நமது அரசியல் சட்டத்தின் 39-ஆவது ஷரத்தில் ராஜ்யத்துக்கு வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அது வெறும் அலங்கார வார்த்தை அன்று என்று, டில்லிப் போலீஸ் மோட்டார் டிரைவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1982-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று.

ஆகவே நாம் இரண்டு வகை வித்தியாசங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உழைப்பினாலும் பொறுப்பினாலும் வந்த வித்தியாசம் ஒன்று. அதைப் பொறுத்துக்கொள்வதே முறை. தேதியினாலும் பெருக்கலினாலும் வந்த வித்தியாசம் மற்றொன்று. அதை ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. ஏனெனில் தேதி வேலை செய்வதில்லை. மனிதர்தாம் வேலை செய்கிறார்கள்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மூத்தவர் மனுப் போடுகிறார். தணிக்கைக்காரர் இருவருடைய சர்வீஸ் புத்தகத்தையும் புரட்டுகிறார். சில சமயம், மூத்தவருக்கு உயர்த்துவதற்குப் பதிலாக, இளையவருக்குத் தவறாக அதிகம் கொடுத்துவிட்டதாகக் கண்டுபிடித்து, கொடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. இளையவர் கேட்டு வாங்கவில்லை. காரியாலயம் கொடுத்தது, வாங்கிக்கொண்டார். நல்ல வேளையாக, கீழ்நிலை ஊழியர்களிடமிருந்தும் ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் இவ்வாறு வசூலிக்கலாகாது என்றும், ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்து வந்ததையும் பிடிக்கக் கூடாது என்றும் 2014-இல் சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டிற்று.

நமது யோசனை எளியது. ஒவ்வொரு சம்பளத் திருத்தத்தின்போதும், மூத்தோர் வரிசைப் பட்டியலைப் புதிய சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எங்கே வரிசை தலைகீழாகிறதோ, எங்கே ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் வருகிறதோ, அங்கே காரணம் கேட்கட்டும். காரணம் வெறும் தேதியானால், மனுவுக்கும் வழக்குக்கும் காத்திராமல் சர்க்கார் தானே சரி செய்யட்டும். இளையவரிடமிருந்து பிடுங்கிச் சரி செய்ய வேண்டாம். குறைந்தவருக்குக் கொடுத்துச் சரி செய்யட்டும். இதற்குப் பணம் செலவாகும் என்பது உண்மை. ஆனால் மனம் கசந்த மனிதர் இருபது வருஷம் உட்கார்ந்து செய்யும் வேலையினால் நேரும் நஷ்டத்தை எந்த வரவு செலவுத் திட்டத்தில் எழுதுவது?

உத்தியோகஸ்தர்களாகிய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வழக்கு கணக்குத் தாளோடுதான். பக்கத்து மேஜையில் இருப்பவரோடு அன்று. மனுவைத் தாராளமாக எழுதுங்கள். முடிந்தால் இருவருமாகச் சேர்ந்தே எழுதுங்கள். ஆனால் காலையில் அவரைக் கண்டதும் "வாருங்கள்" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.