டிடிஎஸ் பேனா சொல்லாத விஷம்

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றியுள்ள அப்பார்ட்மென்ட்களில் டேங்கர் லாரி வந்ததும் ஒரு சின்ன சடங்கு நடக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை முக்குவார்கள். 300 காட்டினால் 'ஓகே'. 900 காட்டினால் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை.

அந்தப் பேனா பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை வைத்து மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்கிறது. கரைந்திருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். குரோமியமோ 0.05 மில்லிகிராம்தான். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குரோமியம் வரம்பைத் தாண்டிப் பத்து மடங்கு இருந்தாலும் பேனாவின் எண் அசையாது.

குரோமியம் ஏதோ தூரத்து விஷயம் இல்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அதை ஒட்டிய நாகல்கேணியில், தோல் ஆலைகளைச் சுற்றிய நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் அங்கே மஞ்சள் நீர் கசியும். அங்காவது கண்ணுக்குத் தெரிகிறது. அளவு குறைந்தால் நிறமும் தெரியாது.

சிறுசேரிக்கு வரும் லாரித் தண்ணீரில் குரோமியம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. இருந்தால் எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ரிப்போர்ட் வருவதற்குள் அந்தத் தண்ணீர் குடித்தே முடிந்திருக்கும்.

இங்கேதான் மின்வேதி சென்சார் வருகிறது. வீட்டில் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டரும் இதே குடும்பம்தான். ஒரு மின்முனையைத் தண்ணீரில் வைத்து எதிர்மின் அழுத்தம் கொடுத்தால், சில நிமிடங்களில் ஈயமும் காட்மியமும் அதன் மேல் படியும். பிறகு அழுத்தத்தை மெல்ல மாற்றினால் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய வோல்டேஜில் கழன்று கரையும். எந்த வோல்டேஜ் என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லும்; எவ்வளவு மின்னோட்டம் என்பது அளவைச் சொல்லும். குரோமியத்துக்கு வித்தை கொஞ்சம் வேறு. கொடிய ஆறு இணைதிறன் குரோமியம் எலக்ட்ரான் வாங்கி மூன்றாக மாறும்போது ஓடும் மின்னோட்டத்தை அளப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தோல் கழிவில் இருக்கும் புரதமும் கொழுப்பும் மின்முனையில் அப்பிக்கொள்ளும். கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்ட உலோகம் சென்சாரிடமிருந்து தப்பிவிடும். அடிக்கடி சுத்தம் செய்து அளவு சரிபார்க்கவில்லை என்றால் எண் பொய் சொல்லும். ஆகவே கோர்ட்டுக்கு ஆய்வக ரிப்போர்ட்தான் வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவைத் திறந்துவிட்டால் ஆய்வகம் எழுந்து வராது. சென்சார் ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன் நீதிபதி ஆக வேண்டியதில்லை.

இதற்கான அறிவை இறக்குமதி செய்யவும் வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது.

சட்டமும் பாதி வழி வந்துவிட்டது. அதிக மாசு தரும் 17 வகை ஆலைகள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அளவுகளை மக்கள் இணையத்தில் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. ஆனால் கருவி இருப்பது ஆலையின் குழாய் முனையில்; அதைப் பராமரிப்பதும் ஆலையே. உலோகத்தைத் தனியாகக் கண்டுபிடிக்கும் சென்சார் மதிலுக்கு வெளியே, ஊர்க் கிணறுகளிலும் வேண்டும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஆலையிடம் இருக்கக் கூடாது. அளவு பஞ்சாயத்துக்கும் பக்கத்து வீட்டு போனுக்கும் நேராக வர வேண்டும்.

அது வரும்வரை அப்பார்ட்மென்ட் சங்கங்கள் ஒன்று செய்யலாம். லாரிக்காரரிடம் டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்பதோடு விடாமல், தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அதில் ஈயம், குரோமியம், காட்மியம் எப்போது சோதித்தார்கள் என்று கேட்கலாம். 'கொதிக்க வெச்சா சரியாயிடும் சார்' என்று பதில் வந்தால் நம்ப வேண்டாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், உலோகம் பாத்திரத்திலேயே இருக்கும்.